டீசல் ஃபில்டர் அடிக்கடி அடைத்ததும், பேரல் தலையில் நின்ற மழைத்தண்ணீரும்

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு வியாழக்கிழமை காலை, லோடு ஏற்றிய என் டிப்பர் காட்பாடி ரயில்வே மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில் நின்றுபோனது. பின்னால் சித்தூர் பஸ், அதற்குப் பின்னால் ஆட்டோ வரிசை. டிரைவர் போனில் சொன்னது இதுதான்: "அண்ணா, எவ்ளோ மிதிச்சாலும் வரலண்ணா. கியர் குறைச்சும் இழுக்கல. சும்மா நின்னா மட்டும் நல்லா ஓடுது." நான் போய்ச் சேர்வதற்குள் அவரே ஃபில்டரை மாற்றி, லைனில் புகுந்த காற்றை வெளியேற்றி (ஏர் எடுத்து), வண்டியைப் பாலத்திலிருந்து இறக்கிவிட்டார். இரவு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். 23 நாளில் அந்த வண்டிக்கு அது ஐந்தாவது டீசல் ஃபில்டர்.

எங்கள் பக்கம் டிப்பர் வைத்திருப்பவர்கள் பலர் இந்தத் தொல்லையை ஃபில்டர் வாங்கி வாங்கியே சமாளிக்கிறார்கள். நானும் ஒரு மாதம் அதைத்தான் செய்தேன். அந்த ஒரு மாதத்தில் போன பணமும் நின்ற ட்ரிப்புகளும் இன்னொருவருக்குப் போக வேண்டாம் என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என்னிடம் இரண்டு டிப்பர், ஒரு ஜேசிபி. டிப்பர்களில் ஒன்று பழையது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் பம்பே தனித்தனியாக டீசல் அனுப்புகிற இன்லைன் பம்ப் வண்டி. இன்னொன்று 2018 மாடல், காமன் ரயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசலை மிக அதிக அழுத்தத்தில் வைத்திருக்கும் வகை. பாலத்தில் நின்றது இந்தப் புது வண்டிதான். குடியாத்தம் பக்கம் ஒரு கிரஷரில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றி காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் என்று கட்டட வேலை நடக்கிற இடங்களில் கொட்டுகிறோம். ஜேசிபி கிரஷரிலேயே நிற்கிறது. அதைப் பங்க்குக்கு ஓட்டிப்போக முடியாது என்பதால் பேரலில் டீசல் வாங்கி அங்கேயே வைத்திருக்கிறோம். அவசரத்துக்கு டிப்பர்களும் அந்தப் பேரலிலிருந்து ஊற்றிக்கொள்ளும். இந்தக் கடைசி வரியை அன்றைக்கு நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

சும்மா நின்றால் ஓடுகிறது, லோடோடு ஏற்றத்தில் படுக்கிறது என்றால் முதல் சந்தேகம் டீசல் வரத்தின் மேல்தான். ஐட்லிங்கில் எஞ்சின் குடிக்கிற டீசல் கொஞ்சம். பாதி அடைத்த ஃபில்டர் வழியாகக்கூட அது வந்துவிடும். லோடோடு மிதிக்கும்போது கேட்கிற அளவு பல மடங்கு, அந்த நேரத்தில் ஃபில்டருக்குள் இருக்கிற பேப்பர் வழிவிடாது. அதனால் ஃபில்டர் அடைத்திருக்கிறது என்று டிரைவர் கண்டுபிடித்தது சரி. எதனால் அடைக்கிறது என்பதைத்தான் நாங்கள் யாரும் கேட்கவில்லை.

முதலில் பழி பங்க் மேல் விழுந்தது. அங்கே போய்க் கேட்டேன். பங்க்காரர் முகம் சுளிக்காமல் ஜாடியில் டீசல் பிடித்து, ஹைட்ரோமீட்டரும் தெர்மாமீட்டரும் போட்டு, அட்டவணையைப் பார்த்து 15 டிகிரிக்குக் கணக்கிட்டுக் காட்டினார். லோடு இறங்கியபோது இன்வாய்ஸில் இருந்த அடர்த்திக்கும் இதற்கும் வித்தியாசம் கனமீட்டருக்கு 3 கிலோவுக்குள் இருக்க வேண்டும். இருந்தது. அதே நாஸிலில் ஒரு கண்ணாடி பாட்டில் நிறைய டீசல் பிடித்து வந்து வீட்டு அலமாரியில் இரண்டு நாள் வைத்தேன். அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, கலங்கலும் இல்லை. அடர்த்தி பார்த்துக் காட்டச் சொல்வது வாடிக்கையாளரின் உரிமை, யாரும் தயங்க வேண்டாம். ஆனால் இந்த விஷயத்தில் நான் பங்க்காரரைச் சந்தேகப்பட்டது தவறு.

அப்புறம் வண்டிகளின் டீசல் பம்பும் நாஸிலும் பழுதுபார்க்க வழக்கமாகப் போகிற கடைக்குப் போனேன். அந்த பாய் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கழட்டின ஃபில்டர் எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன் பாய்."

"அஞ்சையுமா? அதுலதானப்பா விஷயமே இருக்கு."

பாலத்தில் கழற்றியது மட்டும் கிளீனர் தம்பி வண்டியிலேயே வைத்திருந்ததால் தப்பியது. பாய் அதை வைஸில் பிடித்து, மேல் விளிம்பை உளியால் தட்டிப் பிரித்தார். ஹாக்ஸா பிளேடு போடவே இல்லை. அறுத்தால் இரும்புத் துகள் பேப்பரில் விழுந்து, பிறகு எது ஃபில்டர் பிடித்த அழுக்கு, எது நாம் போட்டது என்று தெரியாது. உள்ளே இருந்த பேப்பரை நீளவாக்கில் கிழித்து, மடிப்பு மடிப்பாக ஒரு ட்ரேயில் விரித்தார்.

மடிப்புகளின் வெளிமுனை கறுத்திருந்தது. உள்ளே போகப் போகப் பழுப்பு. பாய் முதலில் காந்தத்தை மேலே ஓட்டினார். ஒன்றும் ஒட்டவில்லை. டேங்க் துருவாக இருந்திருந்தால் பெரும்பாலும் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கும். அடுத்து கட்டைவிரலால் வழித்து, ஆள்காட்டி விரலோடு தேய்த்துப் பார்க்கச் சொன்னார். கிரஷர் தூசியாக இருந்தால் நறநறக்கும். நறநறப்பு இல்லை. வெண்டைக்காய் நறுக்கிய கையில் இருக்குமே, அந்த வழவழப்பு. ஒரு கண்ணாடி டம்ளரில் நல்ல டீசல் ஊற்றி அந்த அழுக்கைப் போட்டுக் குலுக்கினோம். கரையவில்லை. நூல் நூலாகத் தொங்கியது. மோந்து பார்த்தால் டீசல் வாசனையோடு ஒரு அழுகல் வாடையும் கலந்திருந்தது.

"டேங்க்ல தண்ணி நிக்குது. தண்ணில பூஞ்சை புடிச்சிருக்கு," என்றார் பாய்.

டீசலில் உயிர் வளரும் என்பதை நான் அன்றுவரை நம்பியதில்லை. தண்ணீர் டீசலைவிடக் கனம், அதனால் டேங்க் அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அந்தத் தண்ணீரும் மேலே நிற்கிற டீசலும் தொடுகிற இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் பிடிக்கின்றன. இருப்பது தண்ணீரில், தின்பது டீசலை. விமான எரிபொருளில் வளர்வதால் 'கெரசின் பூஞ்சை' என்றே பெயர் வாங்கிய ஹார்மோகோனிஸ் ரெசினே இந்த வகையைச் சேர்ந்ததுதான். வெதுவெதுப்பான இடம் இதற்கெல்லாம் ரொம்பப் பிடிக்கும். வேலூர் வெயிலில் நிற்கிற டேங்குக்கு வெதுவெதுப்பைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது அந்தச் சவ்வு பிய்ந்து டீசலோடு கலந்து ஃபில்டரில் போய் ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் இல்லாவிட்டால் இது வளரவே வளராது.

புது வண்டி மட்டும் அதிகமாக அடைத்ததற்கும் காரணம் கிடைத்தது. காமன் ரயில் வண்டியின் ஃபில்டர் பேப்பர் இன்னும் நுண்ணியது. அதோடு, எஞ்சின் எரித்தது போக நிறைய டீசல் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்பி வருகிறது. டேங்கில் இருக்கிற அதே டீசல் ஒரு நாளில் பலமுறை ஃபில்டரைக் கடக்கிறது. அழுக்கு ஒன்றுவிடாமல் அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

அன்று மாலை வண்டியை, டேங்க் அடியில் வடிப்பதற்கான ட்ரெயின் பிளக் இருக்கிற பக்கம் தாழ்ந்திருக்கும்படி ஒரு சரிவில் நிறுத்தச் சொன்னேன். ராத்திரி முழுக்க அசைக்கவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் பிளக்கை மெதுவாகத் தளர்த்தி, அடியில் வெள்ளை பக்கெட் வைத்தோம். முதலில் வந்தது டீ டிகாஷன் நிறத்தில் தண்ணீர். அது நின்றதும் கறுப்பாகச் சவ்வு, பல்லிவால் நீளத்துக்குத் துண்டு துண்டாக. பிறகுதான் டீசல். தண்ணீரை மட்டும் வடித்து அளந்தால் 2 லிட்டர் பாட்டிலில் முக்கால்வாசி. பழைய டிப்பரில் அரை டம்ளர் வந்தது. ஜேசிபி டேங்கையும் திறந்து பார்க்கலாம் என்று தோன்றியது. அதில் ஒரு லிட்டருக்கு மேல்.

இங்கேதான் கணக்கு நேரானது. டிப்பர்கள் பங்க்கிலும் போடுகின்றன, பேரலிலும் ஊற்றுகின்றன. ஜேசிபி பங்க்கைக் கண்ணால் பார்த்ததில்லை. அது குடிப்பது பேரல் டீசலை மட்டும். அதற்கும் அந்த மாதத்தில் இரண்டு ஃபில்டர் மாற்றியிருந்ததை, ஆபரேட்டர் தனிக் கணக்கில் எழுதியதால் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

பேரல் கிரஷர் ஷெட்டுக்கு வெளியே, வெட்டவெளியில் நிமிர்ந்து நின்றது. இரண்டு மூடிகளும் இறுக்கமாகத்தான் இருந்தன. ஆனால் முந்தைய நாள் மழையில் பேரல் தலையின் விளிம்புக்குள் இரண்டு விரல்கடை தண்ணீர் தேங்கி, மூடிகள் அதில் முங்கிக் கிடந்தன. "இறுக்கி மூடியிருக்கே, எப்படி உள்ள போவும்?" என்று ஆபரேட்டர் கேட்டார். எனக்கும் அதே கேள்விதான்.

சூடான குழம்பை டப்பாவில் ஊற்றி மூடினால், ஆறிய பிறகு மூடி உள்ளே இழுத்துக்கொள்கிறதே, அதே விஷயம்தான். பகல் வெயிலில் பேரலுக்குள் இருக்கிற காற்று விரிந்து, மூடியின் வாஷர் இடுக்கு வழியாகக் கொஞ்சம் வெளியேறுகிறது. மழை பெய்து திடீரென்று குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்குகிறது. அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சியாக வேண்டும். மூடிக்கு மேல் நிற்பது தண்ணீர் என்றால், உள்ளே போவதும் தண்ணீர்தான்.

பாய் சொன்னது புரிந்தாலும் என் கண்ணால் பார்க்க வேண்டும் போல இருந்தது. ஏறக்குறைய காலியான ஒரு பேரலில், அடியில் தண்ணீர் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மூடியை வழக்கம்போல இறுக்கினேன். மத்தியானம் வெயிலில் நன்றாகக் காயவிட்டு, நாலு மணிக்குத் தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை அதில் கலந்துவிட்டேன். நீலம் தண்ணீரில்தான் கரையும், டீசலில் கரையாது. மறுநாள் காலை பேரலைச் சாய்த்து, அடியில் இருந்ததைக் கண்ணாடி பாட்டிலில் வடித்தேன். மேலே டீசல், கீழே ஒரு விரல் உயரத்துக்கு நல்ல நீலத் தண்ணீர். ஆபரேட்டர் அந்தப் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு சாயங்காலத்தில் அவ்வளவு. மழைக்காலம் முழுக்க எவ்வளவு போயிருக்கும்!

இதில் இன்னொரு தப்பும் சேர்ந்திருந்தது. பேரலில் போட்டிருந்த கை பம்பின் குழாய் அடித்தட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. கடைசிச் சொட்டுவரை எடுக்க வேண்டும் என்று நாங்களே அப்படி வைத்தது. அடியில் நிற்பது தண்ணீர் என்பதால், ஒவ்வொரு முறை சுற்றும்போதும் முதலில் டேங்குக்குப் போனது அதுதான்.

சுத்தம் செய்த கதைக்கு வருகிறேன். புது வண்டியின் டேங்கை இறக்காமல் முடியவில்லை. உள்ளே தடுப்புத் தகடுகள் இருப்பதால் கை எட்டாது, வெளியிலிருந்து துடைப்பது வேலைக்காகாது. இறக்கி, மீதி டீசலை வடித்து, வெந்நீரும் சோப்புத்தூளும் விட்டு நான்கு முறை உருட்டிக் கொட்டினோம். முதல் முறை வந்த தண்ணீரைப் பார்த்து கிளீனர் தம்பி மூக்கைப் பிடித்துக்கொண்டான். பிறகு நல்ல தண்ணீர், பிறகு கம்ப்ரஸர் காற்று, பிறகு ஒரு நாள் முழுக்க வெயில். கடைசியில் 5 லிட்டர் டீசல் விட்டு அலசி அதையும் எடுத்துவிட்டோம். டேங்க் உறிஞ்சு குழாயின் முனையில் ஒரு சின்ன கம்பிவலை இருக்கிறது. பலர் அதை மறந்துவிடுகிறார்கள். எங்கள் வண்டியில் அது பாதிக்கு மேல் மூடியிருந்தது. லைனையும் எஞ்சின் பக்கத்திலிருந்து டேங்க் பக்கமாகக் காற்றடித்து ஊதினோம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இறக்கிய டேங்கில் சின்ன ஓட்டை தெரிந்தால் அங்கேயே வெல்டிங் வைக்கத் தோன்றும். காலி டேங்கில்தான் ஆபத்து அதிகம், உள்ளே நிற்பது ஆவி. அதற்கென்று டேங்க் வேலை செய்கிறவரிடம் கொடுத்துவிடுங்கள். பெட்ரோல் விட்டு அலசுவதும் வேண்டாம்.

மூன்று டேங்கிலும் டீசலுக்கான பூஞ்சைக்கொல்லி மருந்தை, டப்பாவில் போட்டிருந்த அளவுப்படி, கையுறை மாட்டிக்கொண்டு ஊற்றினோம். ஊற்றிய வாரத்தில் மறுபடி ஃபில்டர் அடைத்தது, அதுவும் ஜேசிபியில் இரண்டு முறை. செத்த சவ்வு எல்லாம் கழன்று வருகிற நேரம் அது. பாய் முன்னாலேயே சொல்லி வைத்ததால் கூடுதல் ஃபில்டர் வாங்கி வண்டியிலேயே வைத்திருந்தோம். இல்லையென்றால் மருந்தும் வீண் என்று முடிவுகட்டியிருப்பேன். தண்ணீரை வடிக்காமல் மருந்தை மட்டும் ஊற்றுவதில் பலனில்லை, சில வாரத்தில் திரும்ப வளர்ந்துவிடும்.

ஃபில்டர் மாற்றுகிறவர்கள் காமன் ரயில் வண்டியில் ஒரு பழக்கத்தை விட வேண்டும். புது ஃபில்டரில் மேலிருந்து டீசலை ஊற்றி நிரப்பி மாட்டுவது. நடு ஓட்டையில் ஊற்றுகிற டீசல் வடிகட்டாமலே நேராகப் பம்புக்குப் போகிறது. காலியாக மாட்டி, கையால் அடிக்கிற சின்ன பம்பான பிரைமரை அடித்து நிரப்புங்கள். ஏர் எடுக்க ஃபில்டர் ஹெட்டில் இருக்கிற ஸ்க்ரூ போதும், நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை அடித்தால் சரி. பழைய வண்டியில் செய்கிற மாதிரி ஓடுகிற எஞ்சினில் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திவிடாதீர்கள். அந்த லைனில் அழுத்தம் 1,000 பாரையும் தாண்டக்கூடியது, பீறிடுகிற டீசல் ஊசியாகத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இதெல்லாம் முடிந்து மூன்றாவது வாரம், பழைய டிப்பர் லோடோடு இழுக்கவில்லை என்று டிரைவரிடமிருந்து போன். எனக்கு மனசே விட்டுப்போனது. ஃபில்டரைக் கழற்றிப் பிரித்தால் பேப்பர் ஏறக்குறைய புதுசு, வெளிர் மஞ்சள் நிறம் அப்படியே இருந்தது. புது ஃபில்டர் போட்டதும் வண்டி ஓடியது. 20 கிலோமீட்டர் போனதும் மறுபடி படுத்தது.

இந்த முறை தெரிந்த ஒரு சோதனையைச் செய்தேன். 20 லிட்டர் கேனில் சுத்தமான டீசல் நிரப்பி, பாடிக்கும் கேபினுக்கும் நடுவில் ஆடாமல் கட்டி, டீசலை இழுத்துக் கொடுக்கிற ஃபீட் பம்புக்குப் போகிற ஹோஸை டேங்கிலிருந்து கழற்றிக் கேனில் விட்டேன். ரிட்டர்னையும் கேனுக்கே திருப்பினேன். பள்ளிகொண்டா வரை போய் வந்தோம், எந்தத் தொல்லையும் இல்லை. ஆக ஃபீட் பம்ப், ஃபில்டர், இன்லைன் பம்ப் எல்லாம் நன்றாக இருக்கின்றன. கோளாறு டேங்க் பக்கம். ஹோஸைத் திரும்ப மாட்டி ஓட்டி, வண்டி படுத்த இடத்திலேயே இறங்கி டேங்க் மூடியைத் திருகினேன். உஸ்ஸ் என்று காற்று உள்ளே இழுக்கிற சத்தம். உடனே எஞ்சின் எகிறியது.

மூடியின் மேல் ஒரு பாலிதீன் கவர், டியூப் ரப்பரால் நாலு சுற்று இறுக்கிக் கட்டியிருந்தது. "மழத்தண்ணி ஒரு சொட்டு உள்ள போவக்கூடாதுன்னு நீங்கதானண்ணா சொன்னீங்க," என்றார் டிரைவர். அவர் செய்தது அக்கறையில் செய்தது. மூடியில் இருக்கிற சின்ன மூச்சுத் துளை வழியாகத்தான், டீசல் குறையக் குறையக் காற்று உள்ளே வர வேண்டும் என்று நான் சொல்லாமல் விட்டது என் தவறு. காற்று வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி ஃபீட் பம்பால் இழுக்க முடியாது. ஃபில்டர் மாற்றும்போது லைன் திறந்து கொஞ்சம் காற்று போய்விடும், அதனால் ஃபில்டர்தான் குற்றவாளி போலத் தெரியும். கவரை அவிழ்த்துப் பார்த்தால், அந்தத் துளையும் கிரஷர் தூசி டீசலில் ஊறி சிமெண்ட் மாதிரி இறுகி முக்கால்வாசி மூடியிருந்தது. மூடியை டீசலில் ஊறவைத்து, காற்றடித்து, புது ரப்பர் வாஷர் போட்டோம். அன்றோடு சரி.

இப்போது கிரஷரில் பேரல் ஷெட்டுக்குள் இருக்கிறது. திறக்காத பேரலை இரண்டு கட்டைமேல் படுக்க வைத்திருக்கிறோம், இரண்டு மூடிகளும் கடிகாரத்தில் 3 மணியும் 9 மணியும் போல நேர்கோட்டில், உள்ளே டீசல் மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி. அப்படி இருந்தால் வாஷர் எப்போதும் டீசலில் நனைந்திருக்கும், வெளிக்காற்று உள்ளே வராது. பயன்படுத்துகிற பேரல் நிமிர்ந்து, ஒரு பக்கம் செங்கல் வைத்துச் சாய்ந்து நிற்கிறது. பம்ப் குழாய் அடியிலிருந்து நாலு அங்குலம் மேலே, மேடான பக்கம். கடைசியில் நிற்கிறதை வண்டிக்கு ஊற்றுவதில்லை, கண்ணாடி ஜாடியில் தெளியவைத்துப் பிறகுதான் முடிவு. கால்வனைஸ் பூசிய தொட்டியில் சேமிக்கலாமா என்று ஒருவர் கேட்டார், வேண்டாம். துத்தநாகம் டீசலோடு சேர்ந்து சோப்பு மாதிரிப் பொருளை உண்டாக்கும், அதுவும் ஃபில்டரில்தான் போய் நிற்கும். சேமிக்கும் அளவிலும் கவனம் வேண்டும். டீசல் 'பி' வகுப்புப் பெட்ரோலியம். 1934ஆம் ஆண்டு பெட்ரோலியம் சட்டப்படி மொத்தம் 2,500 லிட்டர் வரை, எந்தக் கலனும் 1,000 லிட்டரைத் தாண்டாமல் இருந்தால்தான் லைசென்ஸ் தேவையில்லை.

டிப்பர்களில், தண்ணீரைப் பிரித்து நிறுத்துகிற வாட்டர் செப்பரேட்டர் ஒன்றை ஃபில்டருக்கு முன்னால் சேர்த்தோம், அதன் அடியில் உள்ளே இருப்பது தெரிகிற கிண்ணம் இருக்கிறது. திங்கள், வியாழன் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிளீனர் தம்பி அதைத் திறந்து வடித்து, வந்த தண்ணீரின் அளவை நோட்டில் எழுதுகிறான். சாயங்காலம் வண்டி நிறுத்தும்போது டேங்கை நிரப்பி நிறுத்துகிறோம். காலி இடம் குறைந்தால் ராத்திரிக் குளிரில் உள்ளே வியர்ப்பதும் குறையும்.

பாலத்தில் நின்ற வண்டியின் ஃபில்டரை அடுத்து மாற்றியது மாசி மாதம், ஆயில் சர்வீஸோடு சேர்த்து. கழற்றியதைப் பாய் கடைக்கே எடுத்துப்போய்ப் பிரித்தேன். மடிப்புகளில் லேசான சாம்பல் நிறம், தேய்த்தால் விரலில் கொஞ்சம் தூசி, வழவழப்பு இல்லை. பாய் அதை மோந்து பார்த்துவிட்டு, "டீசல் வாசனதான் அடிக்குது," என்று ட்ரேயில் போட்டார். தம்பியின் நோட்டில் அதற்கு முந்தைய எட்டு வாரமும் ஒரே மாதிரி எழுதியிருந்தது: தண்ணீர் இல்லை.